உறுப்பு கொடுக்கச் சம்மதித்தது எப்படி? கொடுத்தவர்களும் மறுத்தவர்களும் சொல்லுங்கள்

அண்ணனுக்குக் கொடுத்தவன்:
அண்ணனுக்கு டயாலிசிஸ் தொடங்கப் போகிறார்கள் என்று கேட்டதுமே "நான் தர்றேன்" என்று சொல்லிவிட்டேன். கூட்டிக் கழித்துப் பார்த்துச் சொன்னதில்லை, வாயில் வந்துவிட்டது. கிட்னி கொடுத்த வேறு சிலரிடம் பேசியபோது அவர்களும் இதையேதான் சொன்னார்கள். முடிவு முதலில் வந்துவிடுகிறது, விவரமெல்லாம் அப்புறம்தான். அதனாலேயே மருத்துவமனையில் ஆளாளுக்கு "சம்மதம்தானே?" என்று கேட்டபோது எரிச்சலாக வந்தது.

ஒருநாள் கவுன்சலர் என் மனைவியையும் அண்ணனையும் வெளியே உட்காரச் சொன்னார். அண்ணனைப் பார்க்கும் மருத்துவக் குழுவைச் சேராதவர் அவர், என் பக்கம் மட்டும் பார்ப்பவர். யாராவது வற்புறுத்தினார்களா, பணம், சொத்து என்று ஏதும் பேச்சு உண்டா என்று கேட்டார். சட்டென்று பதில் சொல்லிவிட்டேன். அப்புறம் கேட்டார்: "உங்கள் கிட்னி பொருந்தாது என்று நாளை சொன்னால் வருத்தமா இருக்குமா, நிம்மதியா இருக்குமா?"

இரண்டும்தான் என்றேன். பயம் இருப்பதும் விருப்பம் இல்லாததும் வேறு வேறு என்று சொல்லிவிட்டு, கணக்குக்கு வந்தார். அறுவை சிகிச்சையை ஒட்டிக் கொடையாளர் இறப்பது முன்பு 10,000 பேருக்குச் சுமார் 3, அண்மைய அமெரிக்கக் கணக்கில் சுமார் 1. பதினைந்து ஆண்டுகளில் கிட்னி செயலிழப்பது, கொடுத்தவர்களில் 10,000 பேருக்குச் சுமார் 30. அதே அளவு ஆரோக்கியமாக இருந்து கொடுக்காதவர்களில் சுமார் 4. "பொதுமக்களைவிட உங்களுக்கு ஆபத்து குறைவு" என்று சொல்லி முடித்துவிடுகிறவர்களும் உண்டு. அது பொய்யில்லை, ஆனால் நியாயமான ஒப்பீடும் இல்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்துச் சலித்து எடுத்தவர்கள்தானே கொடையாளர்கள்? அந்த 30ஐயும் 4ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிய பிறகுதான் நான் தெரிந்து சம்மதித்தேன் என்று சொல்வேன்.

வாங்கிக்கொண்டவன்:
எங்கள் பக்கமும் ஒன்று இருக்கிறது. மனைவி தருவதாகச் சொன்னபோது வேண்டாம் என்று சண்டையே போட்டேன். 1954இல் பாஸ்டனில் நடந்த முதல் வெற்றிகரமான கிட்னி மாற்று அறுவை சிகிச்சையிலும் இதே கதைதான். ரிச்சர்ட் ஹெரிக், கொடுக்க வந்த இரட்டைச் சகோதரர் ரொனால்டை முந்தின இரவு வீட்டுக்குப் போய்விடச் சொல்லிச் சீட்டு அனுப்பினாராம். போகமாட்டேன் என்று பதில் வந்தது. என் வீட்டிலும் அதே பதில்தான். அவள் சம்மதத்தை அத்தனை பேர் கேட்டார்கள், "வாங்கிக்கொள்ள உங்களுக்குச் சம்மதமா?" என்று என்னை ஒருவரும் கேட்கவில்லை. அதையும் கேட்க வேண்டும்.

மறுத்தவள்:
சித்தப்பாவுக்காக எல்லாப் பரிசோதனையும் முடித்தேன். பொருந்தியது. எனக்கு இன்னும் குழந்தை இல்லை. கிட்னி கொடுத்த பிறகு கர்ப்பமானால் ரத்த அழுத்தச் சிக்கல் வரும் வாய்ப்பு கூடும், ஓர் ஆய்வில் 100க்கு 5 என்பது 11 ஆனது என்று டாக்டர் விளக்கினார். பெரும்பாலோர் நல்லபடியாகவே பெற்றெடுக்கிறார்கள் என்றும் சொன்னார். எனக்கு மனசு ஒப்பவில்லை. மயக்க மருந்து கொடுக்கும் நிமிடம் வரை மாற்றிச் சொல்லலாம், காரணம் கூடத் தேவையில்லை என்று அவரே சொல்லியிருந்தார். வீட்டாரிடம் "இவர் கொடையாளராகத் தகுதி பெறவில்லை" என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். இது ஏமாற்று என்று சிலர் சொல்வார்கள். அந்த வழி இல்லையென்றால் எத்தனை வீட்டில் ஒரு பெண்ணால் வாய் திறந்து "முடியாது" என்று சொல்ல முடியும்?

அண்ணனுக்குக் கொடுத்தவன்:
சரியாகச் சொன்னீர்கள் தங்கச்சி. கையெழுத்துப் போடப் போகிறவர்களுக்கு இன்னொன்று: பிறகு ஆண்டுதோறும் ரத்த அழுத்தம், கிரியாட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), சிறுநீரில் புரதம் பார்க்க வேண்டும். அதை எங்கே பார்ப்பார்கள், செலவு யாருடையது, உடம்பு தேறும் வரை வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளத்துக்கு என்ன வழி என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். படிவத்தில் இதெல்லாம் இருக்கும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.