வகுப்பறையில் முயல் வளர்க்கலாமா?

அஞ்சாம் வகுப்பு டீச்சர்
எங்கள் ஊர்த் திருவிழாவில் பச்சை, ரோஸ், ஊதா என்று சாயம் ஏற்றிய கோழிக்குஞ்சுகளை விற்க வருவார்கள். இந்த வருஷம் என் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேர் வாங்கினார்கள். அடுத்த வாரம் கேட்டால் ஒன்றுகூட உயிரோடு இல்லை. "இன்னொண்ணு வாங்கிக்கலாம் டீச்சர்" என்று ஒரு பையன் சாதாரணமாகச் சொன்னான். அந்தப் பதில் எனக்குப் பொறுக்கவில்லை. உயிர்களிடம் அன்பாக இரு என்று கரும்பலகையில் எழுதிப் போட்டுப் பயனில்லை. ஒரு ஜோடி முயல் வாங்கி, முறை வைத்துத் தீனி போடவும் கூண்டைக் கழுவவும் பழக்கலாம் என்று நினைக்கிறேன். தலைமையாசிரியர் சம்மதித்துவிட்டார். உங்கள் கருத்து?

நாமக்கல் கால்நடை மருத்துவர்
வேண்டாம் டீச்சர். உங்கள் கோபம் நியாயமானது, ஆனால் முயல் அதற்கு மருந்தல்ல. அது வெயில் தாங்காது. மே மாதம் தகரக் கூரைக்குக் கீழே வைத்தால் மூச்சிரைத்தே செத்துவிடும். பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், புல் கடித்தால்தான் தேயும். கேரட்டும் பிஸ்கட்டும் கொடுத்தால் பல்லும் வயிறும் கெடும். முப்பது பிள்ளைகள் மாறி மாறித் தூக்கும்போது அது உதறினால் முதுகெலும்பே முறியலாம். ஜோடியாக வாங்கினால் சினைக்காலம் ஒரு மாதம்தான், ஈன்ற உடனே மறுபடி சினை பிடிக்கும். குட்டிகளை யாரிடம் கொடுப்பீர்கள்? சனி, ஞாயிறு, காலாண்டு விடுமுறை, கோடை விடுமுறை எல்லாம் யார் பார்ப்பது? நன்றாக வளர்த்தால் எட்டு, பத்து வருஷம் இருக்கும். உங்கள் பிள்ளைகள் அதற்குள் கல்லூரிக்கே போய்விடுவார்கள்.

அந்தக் கலர் குஞ்சுகளைப் பற்றி வகுப்பில் பேசுங்கள். பெரும்பாலும் முட்டைக்கோழி இனத்துச் சேவல் குஞ்சுகள் அவை. முட்டையிடாது, கறிக்கும் வேகமாக வளராது, பொரிப்பகத்துக்கு ஆகாதவை. அதனால்தான் சாயம் ஏற்றி மலிவாகத் தள்ளிவிடுகிறார்கள். முதல் வாரத்தில் குஞ்சுக்கு 33 முதல் 35 டிகிரி சூடு வேண்டும். அதற்காகத்தான் பண்ணையில் பல்பு போட்டு வைக்கிறோம். அட்டைப்பெட்டியில் தனியாக விட்டால் ராத்திரிக் குளிரில் கத்திக் கத்தியே சாகும். ஏன் செத்தது என்று அந்தப் பையனிடம் யாராவது இதுவரை சொல்லியிருப்பார்களா?

ரெண்டு பிள்ளைகளின் அம்மா
நான் வேறு பக்கத்திலிருந்து எதிர்க்கிறேன். எங்கள் தெருவில் பள்ளி விட்டு வரும் பிள்ளைகளை நாய்கள் துரத்தாத வாரமில்லை. இந்த நேரத்தில் அன்பு காட்டு, தடவிக் கொடு என்று பள்ளியே சொன்னால் எங்கள் நிலைமை என்ன ஆகும்? 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றமே பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலைய வளாகங்களிலிருந்து தெருநாய்களை அகற்றச் சொன்னது. முதலில் ஒதுங்கிப் போகக் கற்றுக்கொடுங்கள். அன்பை அப்புறம் பார்க்கலாம்.

கன்னி ஆட்டுக்காரன்
கோவில்பட்டிப் பக்கம் கன்னி இன வெள்ளாடு வளர்க்கிறவன் நான். இங்கே பேசுவது டவுன் பிள்ளைகளைப் பற்றி மட்டும்தானா? என் மகள் மூணாம் வகுப்பு. ஆடு அசைபோடவில்லை என்றால் எனக்கு முன்னால் அவள் சொல்லிவிடுவாள். குடற்புழு மருந்து ஊற்றும்போது வாயைப் பிடிப்பதும் அவள்தான். அதே ஆட்டைப் பங்குனியில் கறிக்கு விற்கிறோம், அன்றைக்கு அழுகிறாள். இரக்கம் பற்றிப் பாடம் எடுத்து, கறி தின்பது பாவம் என்று முடித்தால், அவள் தன் அப்பாவைப் பற்றி என்ன நினைப்பாள்? இதற்குப் பதில் இருந்தால் பாடத்தை வையுங்கள்.

அஞ்சாம் வகுப்பு டீச்சர்
அண்ணா, கறி தின்பதா வேண்டாமா என்பது பள்ளி சொல்லும் விஷயமே இல்லை. சத்துணவில் முட்டை போடுகிறோம், என் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் வீட்டில் ஞாயிறன்று கறிதான். விற்கிற நாள் வரைக்கும் தண்ணீர், நிழல், மருந்து என்று உங்கள் மகள் பார்க்கிறாளே, அதைத்தான் நான் சொல்லித்தர நினைக்கிறேன். டாக்டர் சார், நீங்கள் சொன்னதை மறுக்க முடியவில்லை. ஆனால் கையால் தொட்டு, சாணி அள்ளிப் பழகாத பிள்ளைக்கு இது எப்படி வரும்?

நாமக்கல் கால்நடை மருத்துவர்
அம்மாவுக்கு முதலில் பதில் சொல்கிறேன். ஒதுங்குவதும் அன்பும் இரண்டு பாடமல்ல. தின்கிற நாய், தூங்குகிற நாய், குட்டி போட்ட நாய் பக்கம் போகாதே, துரத்தினால் ஓடாமல் அசையாது நில், கல்லெறியாதே. இது நாயின் நிலையைப் புரிந்துகொள்வதுதானே? உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி, வெறிநோய் உள்ளதாகச் சந்தேகிக்கப்படும் விலங்குகளிடம் கடிபடுகிறவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் 15 வயதுக்குக் கீழான பிள்ளைகள். நாய்க்குட்டியோடு விளையாடிக் கடி வாங்கிய பிள்ளை, வீட்டில் அடி விழும் என்று மறைத்துவிடும். தெரியவரும்போது காயத்தில் மஞ்சளோ சுண்ணாம்போ அப்பியிருக்கும். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, அன்றைக்கே தடுப்பூசி போட வேண்டும். குட்டி நாய் கடித்தாலும், பல் லேசாகப் பட்டாலும் இதேதான். வெறிநோய் முற்றிவிட்டால் காப்பாற்றுவது கிட்டத்தட்ட நடக்காத காரியம். "நாய் பக்கம் போனா தோலை உரிச்சிடுவேன்" என்று மிரட்டி வளர்த்த பிள்ளைதான் கடியை மறைக்கும்.

ரெண்டு பிள்ளைகளின் அம்மா
அதை ஏற்றுக்கொள்கிறேன். என் பிள்ளைகளை நானும் மிரட்டித்தான் வைத்திருக்கிறேன், இனி வேறு மாதிரி சொல்ல வேண்டும். ஆனால் நாய்க்குக் கருத்தடையும் தடுப்பூசியும் போடாமல் தெருவில் விட்டுவிட்டு, பிள்ளையை அசையாமல் நில் என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. நாலு நாய் சேர்ந்து வரும்போது ஏழு வயதுப் பிள்ளை நிற்குமா? அது உள்ளாட்சியின் பொறுப்பு. அதைப் பள்ளிப்பாடத்தால் மூடக் கூடாது.

சட்டம் படிக்கிறவன்
பாடம் தேவை என்பதற்கு ஒரு காரணம் சொல்கிறேன். விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960இல் வந்தது. அதற்காக மாநிலங்களவையில் முதலில் தனிநபர் மசோதா கொண்டுவந்தவர் நம் ருக்மிணி தேவி அருண்டேல். அந்தச் சட்டத்தில் முதல் முறை குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான். யார் பயப்படுவார்கள்? அப்புறம், கூண்டில் பச்சைக்கிளி வளர்ப்பது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். எத்தனை வீட்டில் தெரியும்? பிள்ளைகள் வழியாகத்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.

கன்னி ஆட்டுக்காரன்
டீச்சர், முயலை விடுங்கள். ஊர்ப் பக்கத்தில் ஆட்டுக்காரர் யாராவது இருப்பார். மாசத்துக்கு ஒரு நாள் ஒரு வெள்ளாட்டையும் குட்டியையும் கூட்டி வரச் சொல்லுங்கள். மடி பார்ப்பது, குளம்பு பார்ப்பது, தழை கட்டுவது எல்லாம் அவர் காட்டட்டும். சாயங்காலம் ஆடு தன் பட்டிக்குப் போய்விடும்.

நாமக்கல் கால்நடை மருத்துவர்
இது சரி. ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி போட்ட ஆடாக இருக்கட்டும். ஒரு நேரத்தில் நாலைந்து பிள்ளைகளுக்கு மேல் சுற்றி நிற்க வேண்டாம், ஆடு மிரளும். தொட்ட பிறகு எல்லாரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

அஞ்சாம் வகுப்பு டீச்சர்
மாசத்துக்கு ஒரு நாள் என்பது எனக்குப் போதவில்லை. தினமும் ஒரு உயிர் தன்னை நம்பி இருப்பதைப் பிள்ளை உணர வேண்டும் என்பதில் மாறவில்லை. ஆனாலும் முயலை வாங்கவில்லை. கீழத்தெரு ஆட்டுக்காரரிடம் நாளைக்கே பேசுகிறேன். அடுத்த திருவிழாவுக்கு முன்னால் குஞ்சுக்கு எவ்வளவு சூடு வேண்டும் என்பதை அந்தப் பையனையே வகுப்பில் சொல்ல வைக்கப் போகிறேன்.

ரெண்டு பிள்ளைகளின் அம்மா
பெற்றோரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள் டீச்சர். நாய்க்கடிப் பாடத்தன்று எங்களையும் உட்கார விடுங்கள்.