கொற்கையில் பெரியப்பா கொடுத்த சங்கு

கடல்மட்டம் உயர்கிறது என்பதை நம்பாதவர்களோடு பேசிய அனுபவங்களை எல்லாரும் சொல்லி வருகிறீர்கள். எனக்கு அது வீட்டுக்குள்ளேயே நடந்தது.

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். கொற்கைப் பக்கம் பெரியப்பாவுக்கு வாழைத்தோட்டம் இருக்கிறது. அங்கே குழி வெட்டிப் போட்டிருந்த மண்ணைக் கிளறி, உடைந்த சங்கு ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். வெளுத்துப் போயிருந்தது, சுழி மட்டும் மழுங்கவில்லை.

“ஏலே, பாண்டியன் காலத்துல இது முத்துக்குப் பேர்போன துறைமுகம். இப்பக் கடல் ஆறேழு கிலோமீட்டர் தள்ளிப் போயிட்டு. நீ என்னன்னா ஏறுதுங்க. கடல் வரும், போகும்ல. எல்லாம் இயற்கை.”

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை, அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லையே. 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தில் நீர் நிலத்தின்மேல் பனியாக உறைந்து கிடந்ததால், கடல் இன்றைவிட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே இருந்தது, இராமேசுவரத்திலிருந்து இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம். அப்போது யாரும் நிலக்கரி எரிக்கவில்லை. அதையும் நானே அவரிடம் சொன்னேன், மறைத்துப் பேச மனம் வரவில்லை.

ஆனால் கொற்கையில் கடல் இறங்கவில்லை, தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் கரையைத் தள்ளிக்கொண்டே போயிருக்கிறது. பனியுகம் வந்து போவதற்குக் காரணம் பூமியின் சுற்றுப்பாதையும் அச்சின் சாய்வும் மெல்ல மாறுவது. அந்த மாற்றத்துக்குப் பல்லாயிரம் ஆண்டுகள் பிடிக்கும். அதன் போக்கில் மட்டும் விட்டிருந்தால் பூமி இப்போது கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர்ந்திருக்க வேண்டும். சூரியனையும் 1978 முதல் செயற்கைக்கோளில் அளக்கிறார்கள், அதன் வெப்பம் கூடவில்லை. கூடியது நிலக்கரியும் எண்ணெயும் எரிப்பதால் காற்றில் சேர்ந்து வெப்பத்தைப் பிடித்துவைக்கிற கரியமில வாயு: தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்தது 420-ஐத் தாண்டிவிட்டது. சூடேறிய கடல்நீர் விரிகிறது, நிலத்தின் மேலிருந்த பனி உருகி வந்து சேர்கிறது. சில ஆயிரம் ஆண்டுகளாகப் பெரிதாக அசையாமல் கிடந்த கடல்மட்டம் 1900-க்குப் பின் உலகச் சராசரியாக 20 சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது. அதில் பாதி 1993-க்குப் பிறகு வந்தது.

“20 சென்டிமீட்டர்னா எவ்வளவுலே?”

“ஒரு சாண் பெரியப்பா.”

அவர் குனிந்து வாய்க்கால் கரையில் கையை விரித்து வைத்துப் பார்த்தார். தண்ணீருக்கும் வரப்புக்கும் நடுவே அந்தச் சாண்தான் இருந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், முகத்துவாரத்துப் பக்கத்துக் கிணறுகள் உவர்த்துப்போனது இதனாலா என்று கேட்டார். ஆழ்குழாயில் அளவில்லாமல் இறைத்ததும் முக்கியக் காரணம், முழுப்பழியையும் கடல்மேல் போட முடியாது என்றேன். அந்தப் பதிலுக்குப் பிறகுதான் நான் சொன்ன மற்றதையும் அவர் காதுகொடுத்துக் கேட்டார் என்று நினைக்கிறேன்.

திருவொற்றியூரிலிருந்து ஒரு பதில்:

எங்கள் வீட்டில் தலைகீழ். குப்பத்தில் எங்கள் தெருவுக்கு முன்னால் இருந்த இரண்டு வரிசை வீடுகள் கடலுக்குள் போய்விட்டன. வெளியிலிருந்து வருகிற எல்லாரும் பருவநிலை மாற்றம் என்று எழுதிக்கொண்டு போவார்கள். அம்மாவுக்குக் கோபம் வரும். “துறைமுகம் கட்டுனதுலேர்ந்து மண்ணு வர்றதில்ல, அத எழுதுங்க” என்பார். அம்மா சொல்வது சரிதான். இந்தக் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகரும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய துறைமுகச் சுவர் அதைத் தடுத்ததால் மெரினா அகலமானது, ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை கரை அரித்தது. கரையில் கருங்கல்லும், கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல்தடுப்பான தூண்டில் வளைவும் வந்தது அதனால்தான்.

ஆனால் மணல் இல்லாத கரையில் தண்ணீர் ஒரு சாண் உயர்ந்தாலும், அதே புயல் அலை இன்னும் உள்ளே வரும். இதை நான் சொன்னால் அம்மா இன்றுவரை ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் புயல் சின்னம் என்று செய்தியில் வந்ததும் ரேஷன் கார்டையும் வீட்டுப் பத்திரத்தையும் எடுத்துப் பரண்மேல் வைக்கிறார். முன்பெல்லாம் அவை பீரோவின் அடித்தட்டில்தான் இருக்கும்.