ஈறு அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஒரு இடம் மட்டும் பல்லோடு ஒட்டவில்லை

கீழ்த்தாடை, வலப்பக்கம், கடைசி இரண்டு கடைவாய்ப் பற்களுக்கு ஃபிளாப் சர்ஜரி (ஈறைப் பிரித்துத் தூக்கி, வேரைச் சுத்தம் செய்து திரும்பத் தைப்பது) செய்து ஒன்றரை மாதம் ஆகப்போகிறது. அதற்கு முன் ஈறுப் பையின் (பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே உள்ள இடைவெளி) ஆழம் 7 மி.மீ. இருந்தது, 3-க்குள் இருக்க வேண்டியது. எலும்பு திரும்ப வளர வைக்கும் தூளோ சவ்வோ எதுவும் வைக்கவில்லை, வேரைச் சுத்தம் செய்து தைத்ததோடு சரி.

மற்ற இடமெல்லாம் வெளிர் ரோஜா நிறத்துக்கு வந்து இறுகிவிட்டது. இரண்டு பற்களுக்கும் நடுவே உள்ள ஈறு மட்டும் இன்னும் சிவந்து, நாக்கால் தள்ளினாலே லேசாக விலகுகிறது, பிரஷ் பட்டால் இழை மாதிரி ரத்தம். சீழ் இல்லை, வீக்கம் இல்லை, பல்லும் ஆடவில்லை. குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீரென்று கூசுகிறது, ஈறு இறங்கி வேர் தெரிவதால் அது எதிர்பார்த்ததுதான்.

குளோர்ஹெக்சிடின் 0.2% சொன்ன காலம் வரை கொப்பளித்தேன் (பல்லெல்லாம் பழுப்புக் கறை, அது தனிக் கதை). மென்மையான பிரஷ், அப்புறம் பல்லிடுக்கு பிரஷ், அந்தப் பக்கம் மெல்லுவதே இல்லை. டாக்டரிடம் கேட்டால், மூன்று மாதம் முடிந்துதான் ஆழம் அளப்போம், அதற்குள் கருவியை விட்டால் புதிதாக ஒட்டியது பிரிந்துவிடும் என்கிறார். நியாயம்தான். ஆனால் மேல்தோல் செல்கள் வேரின் மேல் படர்ந்து ஒட்டுவது முதல் ஓரிரு வாரங்களிலேயே தொடங்கிவிடும், அடியில் கொலாஜன் இழைகள் முதிர்ந்து இறுகத்தான் மாதக்கணக்கில் ஆகும் என்று படித்ததிலிருந்து, இந்த இடம் மட்டும் இன்னும் ஒட்டவில்லையே என்று நிம்மதி இல்லை.

பல் மருத்துவர்களோ இதே சிகிச்சை செய்துகொண்டவர்களோ சொல்லுங்கள்: இந்தக் கட்டத்தில் ஈறு இப்படி விலகுவது மெதுவாக ஆறுவதன் அடையாளமா, இல்லை மூன்று மாதம் காத்திராமல் இப்போதே திரும்பக் காட்ட வேண்டுமா?