புதுப்பிப்பு: மாதச் சந்தா தேதி தாவும் சிக்கல் தீர்ந்தது

ஜனவரி 31-உடன் ஒரு மாதம் கூட்டினால் மார்ச் 3 வருகிறதே என்று முன்பு கேட்டிருந்தேன். காரணம் பிடிபட்டுவிட்டது. ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் தேதியின் மாதத்தை மாற்றும் செட்மந்த் (setMonth) கட்டளை மாத எண்ணை மட்டுமே மாற்றும், நாள் 31 அப்படியே இருக்கும். 2025-இல் இல்லாத பிப்ரவரி 31 மூன்று நாள் வழிந்து மார்ச் 3 ஆகிவிடுகிறது.

கணக்கை போஸ்ட்கிரெஸ் (PostgreSQL) தரவுத்தளத்தின் பக்கம் மாற்றிவிட்டேன். அது பிப்ரவரி 28-இல் நிறுத்துகிறது. ஆனால் அந்த 28-உடன் மறுபடி ஒரு மாதம் கூட்டினால் மார்ச் 28தான், 31 திரும்பி வராது! ஆகவே தொடக்கத் தேதியைத் தொடாமல் வைத்து, அதிலிருந்தே 1, 2, 3 மாதம் என்று கூட்டுங்கள்.

இன்னொன்று: போஸ்ட்கிரெஸில் நேர மண்டலத்தைக் கணக்கில் கொள்ளும் தரவு வகையில் (timestamptz), நேர மண்டலத்தை நியூயார்க் என்று அமைத்திருந்தால், 2025 மார்ச் 8 நண்பகலுடன் ‘1 நாள்’ கூட்டினால் மறுநாள் நண்பகல், ‘24 மணி நேரம்’ கூட்டினால் பிற்பகல் 1 மணி. ஏனென்றால் அந்த மார்ச் 9 அதிகாலை அங்கே கோடைகால நேரத்துக்காகக் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போனது.