மேக்னிஃபிசென்ட் செவன்: முதன்முதலில் பார்த்த அனுபவத்தைச் சொல்லுங்கள் (செவன் சாமுராயும் சேர்த்துத்தான்)

நானே ஆரம்பிக்கிறேன். தெரியாதவர்களுக்கு: செவன் சாமுராய் என்ற ஜப்பானியப் படத்தைத் தழுவி ஹாலிவுட்டில் எடுத்ததுதான் மேக்னிஃபிசென்ட் செவன். இரண்டிலும் கதை ஒன்றுதான், கொள்ளைக்காரர்களிடமிருந்து ஊரைக் காப்பாற்ற விவசாயிகள் ஏழு வீரர்களைக் கூட்டிவருகிறார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் ஊருக்குக் கேபிள் வந்த புதிது. நான் பதினோராம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். இரவு பத்து மணிக்கு மேல் ஒரு ஆங்கிலச் சேனலில் பழைய படங்கள் போடுவார்கள், சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு பார்ப்பேன். அன்றைக்கு வந்தது மேக்னிஃபிசென்ட் செவன். மெக்சிகோவில் ஒரு குக்கிராமம். நாற்பது பேரோடு குதிரையில் வந்து இறங்குகிற கொள்ளைக்காரன், கடை வாசலில் சாவகாசமாக உட்கார்ந்து, காலம் கெட்டுப்போச்சு, பக்தி குறைஞ்சு போச்சு என்று ஊர்க்காரர்களிடமே அங்கலாய்க்கிறான், அவன் ஆட்கள் வீடு வீடாக மூட்டை தூக்குகிறார்கள். எலி வாலக் என்ற நடிகர். பின்னால் தங்கப்பல் தெரியச் சிரிக்கிற அந்தச் சிரிப்பு எத்தனையோ நாள் கண்ணிலேயே நின்றது.

அன்றைக்கு எங்கள் வயலுக்குத் தண்ணீர் முறை. அப்பா மடை திருப்பிவிட்டு அப்போதுதான் வந்தார். முழங்கால்வரை சேறு. கிணற்றடிக்குப் போகாமல் நிலைப்படியிலேயே நின்று டிவியைப் பார்த்தார். அணைச்சிட்டுப் படு என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"யாருடா இவனுங்க?"

"விவசாயிங்கப்பா."

"விவசாயியா? துணி இவ்வளவு வெள்ளையா இருக்கு?"

சொல்லிவிட்டு அங்கேயே குந்தி உட்கார்ந்துவிட்டார். அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது, எனக்குத் தெரிந்ததும் பாதிதான், அதை வைத்து வசனத்தை மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். சார்ல்ஸ் பிரான்சன் வருகிற ஒரு இடம். படத்தில் அவர் பெயர் பெர்னார்டோ ஓரைலி. கிராமத்துப் பையன்கள் மூன்று பேர் அவரை விடாமல் சுற்றி வருவார்கள். எங்கப்பன்களெல்லாம் கோழைங்க, எங்களைக் கூட்டிட்டுப் போயிடுங்க என்று ஒருவன் சொல்ல, அவனைப் பிடித்துக் குப்புறப் போட்டுப் பின்பக்கத்தில் நாலு வைத்துவிட்டுச் சொல்வார்: நான் துப்பாக்கி வைத்திருப்பதால் தைரியசாலி என்று நினைக்கிறாயா, உங்கள் அப்பாக்கள்தான் தைரியசாலிகள், உங்களையும் உங்கள் அம்மாவையும் கூடப்பிறந்ததுகளையும் பாறை மாதிரி முதுகில் சுமக்கிறார்கள், விளையுமா விளையாதா என்றே தெரியாமல் தினம் மாடு மாதிரி உழைக்கிறார்கள், அந்தத் தைரியம் எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

எனக்கு முடிந்த அளவுக்குச் சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "இன்னொரு தரம் சொல்லு, என்ன சொன்னான்?" என்றார். திரும்பச் சொன்னேன். எழுந்து போய்க் காலைக் கழுவிக்கொண்டு வந்து படத்தை முடியும்வரை பார்த்தார். அவர் முழுசாகப் பார்த்த ஒரே ஆங்கிலப் படம் அதுதான்.

வெள்ளைத் துணி விஷயத்துக்கு விடை கிடைக்கப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆனது. அதற்கு முன்னால் மெக்சிகோவில் எடுத்த இன்னொரு ஹாலிவுட் படத்தில் தங்கள் மக்களைக் கேவலமாகக் காட்டிவிட்டார்கள் என்று அந்த அரசாங்கத்துக்குக் கடுங்கோபம். அதனால் இந்தப் படப்பிடிப்பு நடந்த இடத்திலேயே தணிக்கை அதிகாரி ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். கிராமத்தார் யாரும் அழுக்காகத் தெரியக் கூடாது என்பது உத்தரவு. விவசாயிகள் நேராக ஆள் பிடிக்கப் போவதாகக் கதையில் இருந்ததையும் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் ஆட்களுக்குச் சண்டை போடத் தெரியாதா என்று கேட்டிருக்கிறார்கள். அதனால்தான் படத்தில் அவர்கள் துப்பாக்கி வாங்க வருகிறார்கள், ஏழு பேருக்கும் தலைவனாக வரும் யுல் பிரின்னர்தான் இந்தக் காலத்தில் துப்பாக்கியைவிட ஆள் மலிவு என்று சொல்லி மாற்றிவிடுகிறார். ஒரு நாடு தன் விவசாயிக்காக இப்படி வரிந்துகட்டிக்கொண்டு நின்றதை நினைத்தால் எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது, ஆனாலும் அப்பா சொன்னதுதான் சரி. வயலில் நிற்கிறவன் துணி அப்படி இருக்காது.

அதற்குப் பிறகு சென்னையில் வேலைக்கு வந்து, ஒரு திரைப்படச் சங்கத்தின் சின்ன அரங்கில் செவன் சாமுராய் பார்த்தேன். அகிரா குரோசாவா, 1954, 207 நிமிடம். கறுப்பு வெள்ளை. அதில் விவசாயியின் கணுக்கால், முழங்கை, முகம் எல்லாம் சேறு. கடைசிச் சண்டை கொட்டுகிற மழையில். சாமுராய்களும் அந்தச் சேற்றில்தான் விழுகிறார்கள். அப்பா அப்போது உயிரோடு இல்லை. சரி, உங்கள் அனுபவத்தை எழுதுங்கள், சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை.

*

அண்ணா, எனக்கு இது தலைகீழாக நடந்தது. ஜப்பானில் வேலை பார்த்தபோது புதுப்பித்த பிரதியை ஒரு தியேட்டரில் போட்டார்கள், போய்ப் பார்த்தேன். சப்டைட்டில் கிடையாது. பழங்காலத்துப் பேச்சு வேறு, என் ஜப்பானிய மொழிக்குப் பாதி பிடிபடவில்லை. அப்படியும் ஒரு நிமிஷம்கூட எழுந்திருக்கத் தோன்றவில்லை. நடுவில் இடைவேளை வந்ததும் பக்கத்து இருக்கைப் பெரியவர் என்னைப் பார்த்து, புரிகிறதா என்று கேட்டார். கொஞ்சம் கொஞ்சம் என்றேன். கியூசோவை மட்டும் கவனி என்றார்.

கியூசோ தெரியும்தானே? வாள் பயிற்சியைத் தவிர வேறு எதிலும் நாட்டமில்லாத ஒல்லி மனிதர். முதலில் கழியை வைத்துப் போட்டி. எதிராளி சமம் என்கிறான், இவர் அமைதியாக இல்லை, நிஜ வாளாக இருந்தால் நீ செத்திருப்பாய் என்கிறார். அவன் ரோஷப்பட்டு வாளை உருவுகிறான். ஒரே வெட்டு. அவன் விழுவதை மட்டும் குரோசாவா மெதுவாக ஓடவிடுகிறார்.

ஊருக்குத் திரும்பிய பிறகு மேக்னிஃபிசென்ட் செவன் பார்த்தேன். முதல் அரைமணி நேரம் கோபம்தான் வந்தது, நான் நேசித்த ஒன்றை யாரோ எடுத்துத் தொப்பி மாட்டிவிட்ட மாதிரி. அப்புறம் வேலியோரமாகத் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு சாய்ந்திருக்கும் ஜேம்ஸ் கோபர்ன் வந்தார். என் கத்தி வேகமா, உன் துப்பாக்கி வேகமா என்று அதே போட்டி. அவர் நிற்கிற நிற்பிலேயே கியூசோ தெரிந்தார், உடம்பு சிலிர்த்துவிட்டது. பின்னால் படித்தேன், கோபர்ன் செவன் சாமுராய் மேல் பித்தாக இருந்தவராம், கியூசோதான் அவருக்கு உயிராம். கல்லூரிக் காலத்திலிருந்தே நண்பரான ராபர்ட் வான் ஏற்கெனவே ஏழு பேரில் ஒருவராகியிருந்தார், அவர் மூலமாகத்தான் இவருக்கு அந்த வேடம் வந்திருக்கிறது. ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கிய வேடம் என்பது திரையில் தெரிகிறது.

பெர்னார்டோ பற்றி அண்ணா எழுதியதில் ஒன்று சேர்க்கிறேன். அவர் அறிமுகமாகும்போது காலைச் சாப்பாட்டுக்காக விறகு பிளந்துகொண்டிருப்பார். அது அப்படியே செவன் சாமுராயில் விறகு பிளக்கிற ஹெய்ஹாச்சி. ஆனால் பையன்களிடம் பேசுகிற அந்த இடம் ஜப்பானியப் படத்தில் இல்லை. அங்கே தோஷிரோ மிஃபுனே பேசுவது வேறு. விவசாயிகள் பதுக்கி வைத்திருந்த கவசங்களைக் கொண்டுவந்து போடுகிறார், தோற்று ஓடிய சாமுராய்களைக் கொன்று எடுத்தவை என்று தெரிந்ததும் மற்றவர்கள் முகம் இறுகிவிடும். அப்போது மனிதர் வெடிக்கிறார். ஆமாம், விவசாயி கஞ்சன், கள்ளன், பொய்யன், அரிசி இல்லை என்பான், தோண்டிப் பார்த்தால் இருக்கும், ஆனால் அவனை அப்படி ஆக்கியது யார், நீங்கள்தானே! கத்திக் கத்திக் கடைசியில் உட்கார்ந்துவிடுவார். விவசாயி வீட்டுப் பிள்ளை என்று யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் புரிந்துவிடும். மேற்கத்தியப் படத்தில் இந்தப் பாத்திரத்தையும் இளைய சாமுராயையும் ஒன்றாக்கித்தான் சீக்கோ. ஹோர்ஸ்ட் புக்ஹோல்ஸ் பாவம், இரண்டு பேரின் பாரத்தைத் தூக்கியிருக்கிறார்.

எனக்கு உறுத்துகிற ஒரே விஷயம் இதுதான். 1586இல் நடக்கிற அந்தக் கதையில் கொள்ளையரிடம் மூன்றே துப்பாக்கிகள். நான்கு சாமுராய்கள் சாகிறார்கள், நான்கு பேரும் குண்டடி பட்டுத்தான். கியூசோவை வாளால் யாராலும் தொட முடியவில்லை, எங்கிருந்தோ வந்த ஒரு குண்டு போதுமானதாக இருக்கிறது. வாள் என்கிற வாழ்க்கையே அதோடு முடிந்தது. இங்கேயும் நான்கு பேர்தான் சாகிறார்கள், ஆனால் எல்லோர் கையிலும் துப்பாக்கி இருக்கும்போது அந்த அர்த்தம் வராது, வரவும் வழியில்லை.

*

நான் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறவன். படத்துக்குப் பல வருஷம் முன்னால் இசைதான் என்னிடம் வந்தது. எங்கள் மாஸ்டரிடம் ஒரு கேசட் இருந்தது, தாளத்தை மட்டும் கேளு, மெட்டை விட்டுடு என்பார். கேட்டுப் பாருங்கள், மேலே வயலின்கள் நீளமாக, அகலமாகப் போகும், கீழே பித்தளையும் முரசும் வெட்டி வெட்டி அடிக்கும். ஓட்டம் அந்த வெட்டில்தான் இருக்கிறது. எல்மர் பெர்ன்ஸ்டைன். ஆஸ்கருக்குப் பரிந்துரையானது, கிடைக்கவில்லை. பிறகு மார்ல்பரோ சிகரெட் விளம்பரத்தில் வாசித்து வாசித்து, படத்தின் பெயர் தெரியாதவர்களுக்கும் மெட்டு தெரிந்துவிட்டது. கடைசியில் படத்தைப் பார்த்தபோது எனக்கு ஆச்சரியம், நிறைய இடங்களில் அவர்கள் குதிரையில் நிதானமாகத்தான் போகிறார்கள். வேகம் நம் காதில் இருக்கிறது.

எலி வாலக் பின்னாளில் சொன்னது, அந்த இசை வரப்போகிறது என்று அப்போதே தெரிந்திருந்தால் இன்னும் நன்றாகக் குதிரை ஓட்டியிருப்பேன் என்று. படப்பிடிப்பு நாட்களில் தன் கூட்டாளிகளாக நடித்தவர்களோடு தினமும் காலையில் ஒரு சவாரி போய்விட்டுத்தான் வேலைக்கு வருவாராம்.

செவன் சாமுராய்க்கு இசை ஃபூமியோ ஹயாசாகா. அதற்கு அடுத்த வருஷமே காசநோயில் போய்விட்டார், வயது 41. அந்தத் தாழ்ந்த முரசொலியை இருட்டில் ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள், வேறு ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

*

சவ வண்டிக் காட்சியை யாருமே சொல்லவில்லையே!

நான் மேடை நாடகக்காரன், பயிற்சி வகுப்பில் எங்களுக்கு அதைப் போட்டுக் காட்டினார்கள். செவ்விந்தியர் ஒருவர் தெருவில் செத்துக் கிடக்கிறார், அந்த ஊர்க் கல்லறை மேட்டில் அவரைப் புதைக்க விடமாட்டோம் என்கிறார்கள். வண்டியோட்ட ஆள் இல்லை. சம்பந்தமே இல்லாத இரண்டு வழிப்போக்கர்கள், யுல் பிரின்னரும் ஸ்டீவ் மெக்வீனும், ஏறி உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு போகிறார்கள். பிரின்னர் அசையாமல் உட்கார்ந்து சுருட்டைப் பற்றவைக்கிறார். பக்கத்தில் மெக்வீன் தோட்டாவை எடுத்துக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்க்கிறார். அவ்வளவுதான், எல்லோர் கண்ணும் அவர்மேல். கதாநாயகனின் காட்சியைத் திருடுகிறார் என்று இரண்டு பேருக்கும் படம் முழுக்க உரசலாம். எங்கள் ஆசிரியர் அதை மூன்று தடவை ஓடவிட்டு, ஒருவர் அசையாததால்தான் இன்னொருவரின் அசைவு தெரிகிறது, இரண்டும் நடிப்புதான் என்றார். நான் அதிலிருந்து பிரின்னர் கட்சி.

மூலப்படத்தில் இந்த இடத்தில் சாமுராய்களின் தலைவராக வரும் தாக்கஷி ஷிமுரா ஒரு குழந்தையைத் திருடனிடமிருந்து மீட்பதற்காகக் குடுமியை மழித்துத் துறவி வேஷம் போடுகிறார். சாமுராய்க்குக் குடுமி என்றால் மானம். ஆற்றங்கரையில் ஒரு வார்த்தை பேசாமல் தலையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். இப்போது தலையைத் தடவிக்கொள்கிற அவர் பழக்கத்தை எங்கே பார்த்தாலும் அடையாளம் தெரியும்.

*

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று நினைக்கவே இல்லை. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்.

தங்கை எழுதியதைப் படித்துவிட்டுப் போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அம்மாவுக்கு லேப்டாப்பில் செவன் சாமுராய் போட்டுக் காட்டினேன். மூன்றரை மணி நேரம் அவரால் உட்கார முடியாது, அதனால் கடைசிக் காட்சி மட்டும். எல்லாம் முடிந்து மூன்று சாமுராய்கள் நிற்கிறார்கள். மேட்டில் வாள் நட்ட நான்கு புதைகுழிகள். கீழே வயலில் நடவு. ஆண்கள் முரசும் குழலும் வாசிக்க, பெண்கள் வரிசையாக நின்று பாடிக்கொண்டே நடுகிறார்கள். இளைய சாமுராய் காதலித்த பெண் நாற்றோடு அவன் பக்கமாக வருகிறாள், ஒரு கணம் நிற்கிறாள், பேசாமல் வயலில் இறங்கிவிடுகிறாள். மேக்னிஃபிசென்ட் செவனில் சீக்கோ துப்பாக்கியைக் கழற்றிவைத்துவிட்டு அந்தப் பெண்ணோடு ஊரிலேயே தங்கிவிடுவான், அது நமக்கு இதமாக இருக்கும். இங்கே அப்படி இல்லை. அவள் அவனை ஒதுக்கிவிட்டாள், சாமுராய்க்கும் விவசாயிக்கும் நடுவில் இருந்த சுவர் திரும்ப எழுந்துவிட்டது என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார். "நாத்து நல்லா வந்திருக்கு" என்றார். நம்ம பக்கம் குலவை போடுவோம், இவங்க மேளமே வச்சிருக்காங்க என்றார். நான் பொறுக்காமல் கேட்டேன், "ஏம்மா, அவன்கூட ஒரு வார்த்தை பேசாமப் போறாளே?"

"பறிச்ச நாத்தைக் கையில வச்சுக்கிட்டு எங்கடா நின்னு பேசுறது? வாடிப்போயிடாது? நட்டுட்டு வருவா."