ஸ்கைலைனுக்குத் தமிழ்: ‘முகட்டுக்கோடு’ சரிவருமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஸ்கைலைன் (skyline) என்றால் வானத்தின் பின்னணியில் ஓர் ஊரின் கட்டடங்கள் வரையும் மேல்விளிம்புக் கோடு. அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற நம் பேச்சில் இதுவரை ஐந்து சொற்கள் வந்திருக்கின்றன: தொடுவானம், வானவிளிம்பு, வான்வரை, வான்வரி, கட்டட வரிசை. காதுக்கு எது இனிமை என்று பேசிக்கொண்டே இருந்தால் முடிவு வராது. அதனால் நேற்று இரவு உட்கார்ந்து, இந்தியப் பெருநகரங்களை இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒப்பிட்டு வரிசைப்படுத்தி எழுதிப் பார்த்தேன். எந்தச் சொல் வாக்கியத்தில் தடுக்குகிறது, எது நடக்கிறது என்று அப்போது தெரிந்துவிட்டது.

தொடுவானம் முதலிலேயே விழுந்தது. அது வானமும் பூமியும் சேர்வதாகத் தோன்றும் இடம். ஆங்கிலச் சொல்லும் ஆரம்பத்தில் அதைத்தான் குறித்தது. உயரக் கட்டடங்கள் வந்த பிறகு பொருள் மாறியது. நமக்கு அந்தப் பழைய பொருளுக்குத் தொடுவானம், அடிவானம் என்று இரண்டு சொற்கள் இருக்கும்போது ஒன்றைப் பிடுங்கி வேறு வேலைக்கு அனுப்ப வேண்டியதில்லை. வானவிளிம்புக்கும் இதே சிக்கல்தான்.

வான்வரைதான் என்னை ரொம்ப நேரம் பிடித்து வைத்தது. வரை என்றால் கோடு, எல்லை, பழந்தமிழில் மலை. இவ்வளவும் ஒரே சொல்லில் கிடைப்பது அரிது. ஆனால் “மும்பையின் வான்வரை உயர்ந்திருக்கிறது” என்று எழுதினேன். படிப்பவருக்கு வானம் வரைக்கும் எதுவோ உயர்ந்திருக்கிறது என்றுதான் புரியும். இடைவெளி விட்டாலும் விடாவிட்டாலும் குழப்பம் தீரவில்லை. வான்வரி என்று எழுதினால் விமான டிக்கெட்டோடு சேர்த்து வாங்கும் வரி போல இருக்கிறது.

என் பரிந்துரை முகட்டுக்கோடு. கூரை முகடு, மலை முகடு, முகட்டு ஓடு என்று முகடு எல்லோர் வாயிலும் இருக்கிற சொல். இயற்பியல் பாடத்தில் அலையின் உச்சி முகடு, பள்ளம் அகடு. இந்த அகடுதான் என்னை மயக்கியது. நகரங்களை ஒப்பிடும்போது உயர்வை மட்டும் சொன்னால் போதாது, இடையில் எங்கே தாழ்கிறது என்றும் சொல்ல வேண்டும். அந்தச் சொல் பள்ளிக்கூடத்திலேயே தயாராக இருக்கிறது.

சரி, வரிசைக்கு வருகிறேன். எந்தக் கட்டடம் எத்தனை மீட்டர் என்று நான் பார்க்கவில்லை. ஊரின் முகட்டுக்கோட்டை நினைவிலிருந்து ஒரே இழுப்பில் வரைய முடிகிறதா? அதுதான் என் அளவுகோல்.

மும்பை முதல். மரைன் டிரைவ் சுவரில் உட்கார்ந்து பாருங்கள். ஒரு முனையில் நரிமன் பாயின்ட், 1974இல் கட்டிய 23 மாடி ஏர் இந்தியா கட்டடத்தோடு எழுகிறது. மறுமுனையில் மலபார் ஹில், அங்கே குன்றே பாதி உயரத்தைக் கொடுத்துவிடுகிறது. நடுவில் வளைவு முழுக்க ஐந்தாறு மாடி ஆர்ட் டெகோ பாணி வீடுகள். 2018இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தவற்றில் இவையும் உண்டு. இரண்டு முகடு, நடுவில் நீண்ட அகடு. குழந்தை கூட வரைந்துவிடும். பாந்த்ரா கரையிலிருந்து தெற்கே பார்த்தால் இன்னொரு முகட்டுக்கோடு. வர்ளி, லோயர் பரேல் பக்கம் ஒரு காலத்தில் உயர்ந்து நின்றவை ஆலைப் புகைபோக்கிகள். 1982 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு பஞ்சாலைகள் ஒவ்வொன்றாக மூடின. 1991இல் வந்த நகரக் கட்டுமான விதிகள் அந்த நிலத்தில் வேறு கட்டடங்களுக்கு வழி திறந்தன. 280 மீட்டர் வேர்ல்ட் ஒன் அடுக்குமாடி நிற்பதும் ஸ்ரீநிவாஸ் ஆலை இருந்த மண்ணில்தான். அந்தக் கோட்டைப் பார்க்கும்போது எனக்கு ஆலைத் தொழிலாளர் நினைவுதான் முதலில் வரும்.

இரண்டாவதாகக் கொல்கத்தாவை வைக்கிறேன். கொல்கத்தாவைவிட ஹைதராபாத்தில்தான் உயரக் கட்டடங்கள் அதிகம், தெரியும். ஆனால் ஹூக்ளி ஆற்றின் நடுவிலிருந்து பார்ப்பவருக்கு ஹவுரா பாலம்தான் கோடு. 1943இல் திறந்த பாலம் அது, கட்டடம் அல்ல. ‘கட்டட வரிசை’ என்ற சொல் இந்த இடத்தில் உடைந்துவிடுகிறது. மைதானத்தின் பக்கம் வந்தால் சௌரங்கி சாலையில் ‘தி 42’ என்ற அடுக்குமாடி தனியாக, துணையில்லாமல் நிற்கிறது. அழகு என்று சொல்ல மாட்டேன். மறக்க முடியாது, அவ்வளவுதான்.

மூன்றாவது ஹைதராபாத். 2006இல் எஃப்.எஸ்.ஐ. (மனையின் பரப்புக்கு எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற கணக்கு) உச்சவரம்பை எடுத்த பிறகு மேற்குப் பக்கம் கோபுரங்களாக முளைத்தது. கோல்கொண்டா கோட்டை உச்சியில் ஏறினால் அது தெரியும். ஆனால் 1591இல் எழுந்த சார்மினார் வேறு திசையில். ஊர் இரண்டாகப் பிரிந்து நிற்பதால் ஒரே இழுப்பில் வராது.

சென்னை நான்கு. கரையில் நிற்பவருக்கு அது சரியாகத் தெரியாது, கடலுக்குள் போனவருக்குத் தெரியும். 1894 முதல் 1977 வரை நம் கலங்கரை விளக்கமே உயர் நீதிமன்றக் கோபுர உச்சியில் எரிந்தது. கரையில் இரண்டு அடையாளங்களை ஒன்றோடொன்று நேர்படுத்தி, வலை போட்ட இடத்தைக் குறித்துக்கொள்ளும் மீனவர்களுக்கு முகட்டுக்கோடு அன்றாடக் கருவி. 1959இல் 14 மாடி எல்.ஐ.சி. எழுந்தபோது நாட்டிலேயே உயரமான கட்டடம் அது. இப்போது அண்ணா சாலையிலேயே தேட வேண்டியிருக்கிறது.

டெல்லியும் பெங்களூரும் கடைசி. டெல்லியில் குதுப்மினாருக்கு 73 மீட்டர். புதுக் கோபுரங்களெல்லாம் ஊருக்கு வெளியே, நொய்டாவிலும் குருகிராமிலும். பெங்களூரில் தள்ளி நின்று பார்க்கக் கடலோ பெரிய ஆறோ இல்லை, மரங்களும் மறைக்கின்றன.

இத்தனையையும் எழுதியதில் முகட்டுக்கோடு எங்கும் தடுக்கவில்லை. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

அன்புடன்.

மறுமொழி:

தம்பி, சொல் நன்றாக இருக்கிறது. இரண்டு ஐயம். புள்ளியியல் பாடத்தில் முகடு வேறு பொருளில், அதிக முறை வரும் மதிப்பு என்று இருக்கிறது, சராசரி, இடைநிலை, முகடு என்று. அப்புறம், நான் இருப்பது கோவையில். எங்கள் ஊருக்கு மேற்கே வானத்தை வெட்டுவது கட்டடம் அல்ல, வெள்ளியங்கிரி மலை. அதையும் நீங்கள் முகட்டுக்கோடு என்றுதான் சொல்வீர்கள். அப்படியானால் மலைக்கும் நகரத்துக்கும் வேறுபாடு எங்கே?

மறுமொழி:

ஐயா, வணக்கம். புள்ளியியலில் முகடு தனித்து வரும், கோடு சேராது. அதனால் இடறாது என்று நினைக்கிறேன். அங்கும் அதிகம் எழுந்து நிற்பதைத்தானே குறிக்கிறது.

கோவைக் கேள்வி யோசிக்க வைத்தது. வேறுபாடு வேண்டிய இடத்தில் நகர முகட்டுக்கோடு, மலை முகட்டுக்கோடு என்று முன்னொட்டுச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் பொதுவாகப் பிரிக்கக் கூடாது என்றே எனக்குப் படுகிறது. மும்பையில் மலபார் குன்றைக் கழித்துவிட்டு வரைய முடியாது. மதுரையில் நான்கு கோபுரங்களோடு யானைமலையும் அந்தக் கோட்டில்தான் இருக்கிறது. கோவையில் மலையை மறைத்து ஓர் அடுக்குமாடி எழுந்தால், “ஊரின் முகட்டுக்கோடு போய்விட்டது” என்று நீங்கள் வருந்துவீர்கள் அல்லவா? அந்த வாக்கியத்தை எழுத இந்தச் சொல் இடம் கொடுக்க வேண்டும். கோவையையும் எடுத்துக்காட்டாகச் சேர்த்து, முகடு, அகடு இரண்டுக்கும் விளக்கத்தோடு வரைவை நாளை அனுப்புகிறேன்.