வழக்கில் பேர் தெரியாதவர், பேர் சொல்லக் கூடாதவர்: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்க

எடிட்டர்_வடபழனி:
2012 மே. '3' படத்தைத் திருட்டுத்தனமா நெட்ல போடக் கூடாதுன்னு, ஆள் யாருன்னு தெரியாததால 'அசோக் குமார்'ங்கிற பொதுப் பேர் மேல கோர்ட்ல தடை வாங்கியிருந்தாங்களே, அப்போ நான் கல்யாண வீடியோ எடிட் பண்ணிட்டிருந்தேன். விமியோங்கிற வீடியோ தளத்துல ஏத்தி லிங்க் அனுப்புவேன். திடீர்னு தளமே திறக்கல. பொண்ணோட அப்பா கடைக்கே வந்து போனை நீட்டினார். "கோர்ட் உத்தரவுப்படி தடைன்னு வருதே தம்பி, எம்பொண்ணு வீடியோவுல என்ன பண்ணி வச்சீங்க?" அவர் முகம் இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது. யாரோ அசோக் குமாருக்குப் போட்ட தடை, எங்க பொழப்புல விழுந்துச்சு.

முன்னாள்_விஏஓ:
ஆற்றில் பிரேதம் ஒதுங்கினால் ஸ்டேஷனில் புகார் எழுதித் தருவது நாங்கள்தான். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 174வது பிரிவு (இப்போது புதுச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸில் 194). 'பெயர் விலாசம் தெரியாத ஆண், வயது சுமார் 60.' ஒருவருடைய வலது கையில் ஒரு பெண்ணின் பேர் பச்சை குத்தியிருந்தது. அங்க அடையாளம் என்ற இடத்தில் அதை எழுதினேன். யாரும் தேடி வரவில்லை. அந்தம்மா எங்கேயாவது காத்திருப்பார்களோ என்ற நினைப்பு போகவே மாட்டேன் என்கிறது.

தென்காசிக்காரி:
எடிட்டர் அண்ணா, உத்தரவைக் குறை சொல்லாதீங்க. ஆள் யாருன்னே தெரியாதப்போ வேற எப்படித் தடை வாங்குறது? டெல்லியில 2002லயே கேபிள்காரங்க மேல இப்படி வாங்கியிருக்காங்க. தளத்தையே மூடினது நெட் கம்பெனிங்க. குறிப்பிட்ட பக்கங்களை மட்டும் முடக்குனா போதும்னு ஜூன்ல கோர்ட்டே தெளிவுபடுத்திடுச்சே.

என்னோடது போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றத்துல இருந்து காக்குற சட்டம்) வழக்கு. சொந்தக்காரப் பிள்ளைக்குத் துணையா போனேன். கோர்ட் வராண்டாவுல அவ முழுப்பேரையும் சத்தமாக் கூப்பிட்டாங்க. அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தாங்க. பிள்ளை எந்திரிக்கவே இல்ல, என் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டா.

இந்த நிலைமையில இருக்கிறவங்களுக்குச் சொல்றேன். போக்சோ 33(7)படி விசாரணை முழுக்கப் பிள்ளையோட அடையாளம் வெளிய தெரியாம பாத்துக்க வேண்டியது சிறப்பு நீதிமன்றம். வக்கீலை விட்டு முதல் வாய்தாவிலேயே எழுத்துல கேளுங்க. தீர்ப்பு நகலை வரி வரியாப் படிங்க. பேரை மறைச்சுட்டு அப்பா பேரு, தெரு, பள்ளிக்கூடம்னு விட்டிருந்தா ஊரே கண்டுபிடிச்சுடும். வாட்ஸ்அப்ல போட்டோ போட்டு 'நீதி வேண்டும்'னு எழுதுறவங்களையும் தடுங்க. பாலியல் வழக்குல பாதிக்கப்பட்டு இறந்துபோனவங்களோட பேரைக்கூட, சொந்தக்காரங்க சம்மதிச்சாலும், வெளியிட முடியாது. செஷன்ஸ் நீதிபதி அனுமதி வேணும்னு 2018ல நிபுன் சக்சேனா வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. மீறினா ரெண்டு வருஷம் வரை சிறை. முன்னாடி இந்திய தண்டனைச் சட்டம் 228ஏ, இப்போ அதுக்குப் பதிலா வந்த பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) 72.